பிடியைத் தேடும் வேலை

மதுரையில் நான் நிரல் எழுதித் தருகிற இடங்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. காலையில் திறக்கும் வலைப்பக்கத்தை இரவு கடை சாத்தும்வரை அவர்கள் மூடுவதில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியுமுன் திறக்கிற கமிஷன் கடை பில் திரை, மருத்துவமனை வரவேற்பில் டோக்கன் எண் ஓடுகிற திரை, லாரி ஆபீஸில் எந்த வண்டி எந்த ஊரைத் தாண்டியது என்று காட்டுகிற திரை எல்லாமே பிரவுசருக்குள் ஓடும் செயலிகள்தாம். கணினி பெரும்பாலும் 4 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டியாக இருக்கும். அதிலேயே கணக்கு மென்பொருளும் ஓடும், வாட்ஸ்அப் வெப்பும் திறந்திருக்கும், பிரின்டரும் மாட்டியிருக்கும்.

இந்தத் திரைகளுக்கு வரக்கூடிய கோளாறுகளில் நான் மிகவும் அஞ்சுவது மெமரி லீக் எனப்படும் நினைவகக் கசிவுக்குத்தான். மற்றக் கோளாறுகள் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி காட்டும். எந்தக் கோப்பில் எந்த வரி என்றுகூடச் சொல்லும். கசிவு எதுவும் சொல்லாது. கூட்டல் சரியாக வரும், பில் சரியாக அடிக்கும். நேரம் ஆக ஆகத் திரை மட்டும் கனக்கும். பூக்கடைக்காரர் ஒருவர் சொன்னது இப்படித்தான் இருந்தது: "தம்பி, ஒம்பது மணிக்கு மேல ஸ்கிரீன் இழுக்க ஆரம்பிச்சிருது. மூடித் தொறந்தா சரியாகிருது." மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது என்பதால் பலர் இதைப் புகாராகக்கூடச் சொல்வதில்லை. அவர் மூடிய அந்த நொடியில் நமக்குத் தேவையான சான்றும் மொத்தமாக அழிந்துவிடுகிறது.

ஆகவே இதைப் பிடிக்க வேண்டிய இடம் நிரல் உருவாகும் மேசை. ஆனால் மேசையிலும் இது எளிதில் அகப்படாது. நிரலாளர் கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் பக்கம் புதிதாகப் பிறக்கிறது. சில நிமிடங்களுக்கு மேல் ஒரே பக்கத்தை உயிரோடு வைத்து வேலை செய்யும் நிரலாளர்கள் மிகக் குறைவு. கடைக்காரரின் பக்கமோ விடாமல் பல மணி நேரம் வாழ்கிறது. நாம் சோதிக்கும் வாழ்க்கையும் செயலி வாழும் வாழ்க்கையும் வேறு வேறாக இருக்கும்வரை கசிவு நம் கண்ணில் படப்போவதில்லை. தேடிப் போனால்தான் கிடைக்கும்.

ஜிசிக்குத் தெரிந்த ஒரே விதி

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: நினைவகத்தை விடுவிப்பது ஜிசி எனப்படும் கார்பேஜ் கலெக்டரின் வேலை, நம் வேலை இல்லை. சி மொழி ஆய்வகத்தில் மாலாக், ஃப்ரீ என்று இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள்கூட இங்கே வந்ததும் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை உருவாக்கியபோதே நினைவகத்தைத் தானாக மீட்கும் முறையையும் சேர்த்து யோசித்தார். 1960இல் வெளியான அவருடைய கட்டுரையில் அது இருக்கிறது. இன்று குரோமுக்குள் ஓடும் வி8 என்ஜின்வரை அடிப்படை விதி அதுவே. வேரிலிருந்து புறப்பட்டு, ஒன்றைப் பிடித்து ஒன்றாக எட்ட முடிகிற பொருள்களையெல்லாம் குறித்துக்கொள்; குறி விழாதவற்றை அப்புறப்படுத்து. பிரவுசரில் வேர் என்பது விண்டோ என்னும் உலகப் பொருள், அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கும் செயற்கூறுகளின் மாறிகள், இப்படிச் சில. இந்தப் பொருள் இனி யாருக்காவது தேவைப்படுமா என்று ஜிசி கேட்பதில்லை; கேட்கவும் அதற்கு வழியில்லை. எட்ட முடிகிறதா என்பது ஒன்றுதான் அதன் கேள்வி.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மனை வெறுமையாகக் கிடக்கும். யாரும் குடியிருக்க மாட்டார்கள், யாரும் உழ மாட்டார்கள். ஆனால் எப்போதோ வைத்த ஓர் அடமானம் ரத்தாகாமல் பதிவேட்டில் நிற்கும். அது நிற்கும்வரை மனை விடுபடாது. கசிவைத் தேடுவதும் வில்லங்கம் பார்ப்பதுதான். நினைவகத்தில் எது பெருகுகிறது என்பதைக் காண்பது முதல் பாதி. அதை யார் பிடித்திருக்கிறார்கள், அவரை யார் பிடித்திருக்கிறார்கள் என்று வேர்வரை போவது மறுபாதி. வேலையின் உயிர் அந்த மறுபாதியில் இருக்கிறது.

திரை ஏன் முதலில் இழுக்கிறது, பிறகுதான் சாகிறது என்பதற்கும் காரணம் உண்டு. பிறக்கும் பொருள்களில் பெரும்பாலானவை சீக்கிரமே பயனற்றுப் போகின்றன என்ற கவனிப்பின் மேல் டேவிட் உங்கர் 1984இல் தலைமுறை வாரியான ஜிசி முறையை விவரித்தார். வி8 அந்த வழியில் நடக்கிறது. புதிய பொருள்கள் இளைய பகுதியில் பிறக்கின்றன. அங்கே துப்புரவு அடிக்கடி நடக்கும், சட்டென்று முடியும். இரண்டு துப்புரவுகளைத் தாண்டிப் பிழைத்தவை மூத்த பகுதிக்குப் போகின்றன. அங்கே துப்புரவு அரிது, ஆனால் கனமானது. கசிந்த பொருள்கள் எல்லாம் பிழைத்துப் பிழைத்து மூத்த பகுதியில்தான் போய்ச் சேர்கின்றன. அது நிரம்ப நிரம்பக் கனமான துப்புரவு அடிக்கடி ஓடும். ஓடியும் விடுபடுவது கொஞ்சம்தான். கடைக்காரர் உணர்கிற "இழுவை" அந்த வீண் உழைப்பு. டேப் செத்து விழுவது அதன் கடைசிக் கட்டம்.

இது சின்ன விஷயமா?

லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி வழி வண்டி அனுப்பும் அமைப்பு 1992 அக்டோபர் இறுதியில் தொடங்கப்பட்டுப் பெருங்குழப்பத்தில் முடிந்தது. அதற்குப் பின் நவம்பர் 4ஆம் தேதி அதிகாலையில் அமைப்பு மெதுவாகி அடியோடு நின்றுபோனது. விசாரணையில் தெரியவந்த காரணம் இதுதான்: சில வாரங்களுக்கு முன் ஒரு நிரலாளர் விட்டுச்சென்ற ஒரு துண்டு நிரல், ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் கோப்புச் சேவையகத்தில் சிறிதளவு நினைவகத்தை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருந்தது. ஒரு முறைக்கு மிகச் சொற்பம். மூன்று வாரத்தில் சேவையகம் நிரம்பிவிட்டது. கசிவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். "ஒரு தடவைக்கு எவ்வளவு" என்ற கணக்கு இதில் உதவாது. "எத்தனை தடவை" என்பதுதான் கணக்கு.

வலைச்செயலிகளில் இந்த நோய் தாமதமாகத்தான் பெரிதானது. பழைய வலைத்தளங்களில் ஒவ்வொரு இணைப்பைச் சொடுக்கும்போதும் பழைய பக்கம் அழிந்து புதுப் பக்கம் வரும். அதோடு கசிந்ததும் போய்விடும். அப்போதும் விதிவிலக்காக இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 இருந்தது. அதில் ஜாவாஸ்கிரிப்ட் பொருள்களை ஒரு முறையும் பக்கத்தின் உறுப்புகளை இன்னொரு முறையும் கணக்கு வைத்தன. உறுப்பு நிரலைப் பிடிக்க, நிரல் உறுப்பைப் பிடிக்க, இரண்டு கணக்குக்கும் நடுவில் விழுந்த வட்டத்தை இரண்டுமே விடுவிக்கவில்லை. பக்கம் மாறினாலும் அது அப்படியே நின்றது. அந்தக் காலத்தில் எழுதியவர்கள் பக்கம் மூடுமுன் ஒவ்வொரு நிகழ்வுப் பிடியையும் கையால் அறுத்துவிட்டார்கள்.

2004 ஏப்ரல் 1 அன்று வந்த ஜிமெயில் போன்ற செயலிகளோடு நிலைமை மாறியது. ஒரே பக்கம் நாள் முழுக்க உயிரோடிருக்கும் வழக்கம் வந்தது. ஜிமெயில் குழுவே பின்னாளில் தன் நினைவகத்தைத் துப்புரவு செய்ய நெடுநாள் உழைக்க வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தை லொரீனா லீயும் ஜான் மெக்கட்சனும் 2013இல் கூகுள் ஐ/ஓ மாநாட்டில் விளக்கினார்கள். நினைவகத்தின் நிலையை மூன்று முறை பதிவெடுத்து ஒப்பிடும் மூன்று ஸ்னாப்ஷாட் முறை என்று பலர் இன்று கையாள்வது அவர்கள் வழியாகப் பரவியதுதான்.

மேசையைச் சுத்தம் செய்வது

தேடலுக்கு உட்காருமுன் சூழலைத் தூய்மையாக்க வேண்டும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள், ஏனென்றால் நாம் தேடப் பயன்படுத்தும் குரோமின் டெவ்டூல்ஸ் கருவியே பொருள்களைப் பிடித்து வைக்கக்கூடியது. கன்சோலில் அச்சிட்ட பொருள், கன்சோலைத் துடைக்கும்வரை விடுபடாது. எலிமென்ட்ஸ் பலகத்தில் கடைசியாகத் தொட்ட சில உறுப்புகளையும் கருவி நினைவில் வைத்திருக்கும். எக்ஸ்டென்ஷன்கள் தம் பங்குக்குப் பிடித்திருக்கும். ஆகவே புதிய இன்காக்னிட்டோ ஜன்னல், எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல், கன்சோல் துடைத்து. இது முதல் ஒழுக்கம்.

இரண்டாவது, இயன்றவரை உற்பத்திக்குப் போகும் பில்டை ஓட்டியே அளக்க வேண்டும். ஹாட் ரீலோட் ஒவ்வொரு சேமிப்பின்போதும் பழைய மாட்யூலின் மிச்சத்தை விட்டுச்செல்லக்கூடும். ரியாக்டின் வளர்ச்சிப் பதிப்பு பிழைதிருத்தத்துக்காகக் கூடுதல் தகவல்களைச் சுமக்கிறது. இவை காட்டும் பெருக்கத்தைக் கசிவென்று துரத்தினால் நாள் வீணாகும். கோப்புகளைச் சுருக்காமல், பெயர்கள் தெரியும்படி பில்ட் செய்துகொண்டால் ஸ்னாப்ஷாட்டைப் படிக்கவும் முடியும்.

மூன்றாவது, எண் கூடினாலே கசிவு என்று முடிவு கட்டக் கூடாது. ஜிசி அவசரம் வரும்வரை சும்மா இருக்கும் இயல்புடையது. நினைவகக் கோடு ரம்பத்தின் பல் போல ஏறி ஏறி இறங்குவது ஆரோக்கியம். பார்க்க வேண்டியது பற்களின் அடிவாரத்தை. இறங்கும்போதெல்லாம் முன்பைவிட உயரமான இடத்திலேயே நிற்கிறது என்றால்தான் சந்தேகம். அதிலும் ஒரு வரம்பில் போய் நின்றால் அது கேஷ். வரம்பே இல்லாமல், செய்கிற வேலைக்கு ஏற்ப ஒரே சீராக ஏறினால் கசிவு.

ஏழு முறை

நல்ல சோதனைக்கு ஒரு சுற்று வேண்டும். தொடங்கிய நிலைக்கே திரும்பி வருகிற ஒரு செயலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு ஜன்னலைத் திறந்து மூடுவது, ஒரு பட்டியலுக்குப் போய்த் திரும்புவது போல. சுற்று முடிந்தபின் திரை முன்பிருந்தபடியே இருக்கிறது என்றால் நினைவகமும் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும் என்பதுதான் நாம் வைக்கும் வழக்கு.

முதலில் அந்தச் சுற்றை ஓரிரு முறை ஓட்டிவிட வேண்டும். முதல் தடவை எழுத்துருக்கள், கேஷ்கள், தாமதமாக ஏற்றப்படும் கோப்புகள் எல்லாம் வந்து உட்காரும். அது கணக்கில் சேரக் கூடாது. பிறகு ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட். எடுக்குமுன் கருவியே ஜிசியை ஓட்டிவிடும். அதன்பின் அதே சுற்றை ஏழு முறை ஓட்டி இன்னொரு ஸ்னாப்ஷாட் எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஏன் ஏழு? ஐந்தும் பத்தும் நிரலில் இயல்பாகவே கிடக்கும் எண்கள். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று ஒரு பொருள் கூடியிருந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நோலன் லாசன் 2021இல் வெளியிட்ட ஃப்யூட் என்னும் கருவி இதே சோதனையைத் தானாகச் செய்கிறது. அதுவும் வழக்கமாக ஏழு சுற்றே ஓட்டும்.

கமிஷன் கடைத் திரை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து மல்லிகை கொண்டுவரும் விவசாயி ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு ஜன்னல் உண்டு. பெயரைச் சொடுக்கினால் இன்று அவர் போட்ட எடை, விலை, கமிஷன், முன்பணம் வரும். ஓரத்தில் அந்த வாரத்து விலை ஒரு சிறிய வரைபடமாக வரும். முகூர்த்த நாளில் மல்லிகை விலை மணிக்கு மணி மாறுவதால், புதிய விலை சாக்கெட் வழியே வந்து வரைபடம் தானே நகரும். காலை நெருக்கடியில் இந்த ஜன்னல் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். எனவே வெளியிடுமுன் சோதிக்க எடுத்த சுற்று அதுதான்.

ஒப்பீட்டில் "டிடாச்டு" என்று தேடியதும் வந்தது. பக்கத்திலிருந்து நீக்கப்பட்ட, ஆனால் நினைவகத்திலிருந்து போகாத டிவ் உறுப்புகள், கேன்வாஸ் உறுப்புகள். கேன்வாஸ் சரியாக ஏழு. ஒரு கேன்வாஸைத் திறந்து, அதைப் பிடித்திருப்பவர்களைக் காட்டும் ரிடெய்னர் பட்டியலைப் பார்த்தோம். கேன்வாஸைப் பிடித்திருந்தது வரைபடப் பொருள். வரைபடத்தைப் பிடித்திருந்தது திரை அளவு மாறும்போது ஓட வேண்டிய ஒரு செயற்கூறு. அந்தச் செயற்கூறு விண்டோவில் லிசனராகப் பதிவாகியிருந்தது. விண்டோ வேர்; வேர் எட்டினால் எல்லாம் எட்டும். அந்த வரைபட நூலகத்துக்கு டிஸ்ட்ராய் என்று ஒரு முறை இருக்கிறது. ஜன்னல் மூடும்போது அதை அழைத்தால் லிசனரை அது கழற்றிவிடும். ஒரே ஒரு வரி சேர்த்தோம்.

மறுபடி ஏழு சுற்று. கேன்வாஸ் இன்னும் ஏழு.

எங்கள் குழுவில் இளையவரான ஒரு பெண் சொன்னார்: "அண்ணா, அந்த வரியால பிரயோஜனமில்ல, எடுத்துரவா?" இந்த இடத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சரியான திருத்தங்கள் பல இப்படித்தான் கைவிடப்படுகின்றன. ஒரு மனையின் மேல் இரண்டு வில்லங்கம் இருந்தால் ஒன்றை ரத்து செய்தும் மனை விடுபடாது. அதனால் முதல் ரத்து பொய்யாகிவிடுவதில்லை. எண்ணிக்கையைப் பார்க்காமல் ரிடெய்னர் பட்டியலைப் பார்த்தோம். விண்டோ லிசனர் அங்கே இப்போது இல்லை. வேறொரு சங்கிலி மிஞ்சி நின்றது: சாக்கெட்டில் விலைச் செய்தி வரும்போது அழைக்க வேண்டியவர்களின் வரிசை, அதில் ஏழு கால்பேக், ஒவ்வொன்றும் ஒரு வரைபடத்தைப் பிடித்தபடி. ஜன்னல் மூடும்போது சந்தாவையும் முடித்துக்கொள்ளும்படி எழுதியதும் ஏழும் போய்விட்டன. திருத்தம் பலித்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது சங்கிலி. மொத்த எண் கடைசியில்தான் இறங்கும்.

அந்தச் சாக்கெட் பிடி இன்னொரு தீமையும் செய்திருக்கும். மூடிய ஜன்னல்களின் வரைபடங்களும் ஒவ்வொரு புதிய விலைக்கும் தம்மை மீண்டும் வரைந்துகொண்டிருக்கும், யாரும் காணாத கேன்வாஸில். கசிவு இடத்தை மட்டும் தின்பதில்லை, நேரத்தையும் தின்கிறது.

ஸ்னாப்ஷாட்டில் இரண்டு அளவுகள் தெரியும். ஷாலோ என்பது அந்தப் பொருள் தானே பிடித்திருக்கும் இடம். ரிடெய்ன்டு என்பது அது போனால் அதோடு சேர்ந்து விடுபடப்போகும் மொத்த இடம். சில பைட் உள்ள ஒரு சிறிய கால்பேக் பல மெகாபைட்டைப் பிடித்திருக்க முடியும். வரிசைப்படுத்தும்போது இரண்டாவதை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஆனால் அதன் உச்சியில் நிற்பது எப்போதும் குற்றவாளி என்று எண்ண வேண்டாம். செயலி முழுவதையும் நியாயமாகவே தாங்குகிற பொருள்களும் அங்கேதான் இருக்கும்.

வழக்கமான பிடிகள்

பல திரைகளைப் பார்த்தபின் பிடிகள் சில வகைகளுக்குள் அடங்குவது தெரிகிறது. நிறுத்தப்படாத செட்இன்டர்வல். விண்டோவிலோ டாக்குமென்டிலோ போட்டுக் கழற்றாத லிசனர். முடிக்கப்படாத சந்தா. வரம்பில்லாமல் சேரும் மேப். எண்ணைச் சாவியாக வைத்துப் பொருள்களைச் சேர்த்துக்கொண்டே போகும், எதையும் எடுக்காது. பில் அல்லது புகைப்படத்தைக் காட்ட கிரியேட்ஆப்ஜெக்ட்யூஆர்எல் கொண்டு உருவாக்கிய முகவரி. ரிவோக் செய்யும்வரை அந்தக் கோப்பு முழுவதும் நினைவகத்தில் நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் ஹீப்பில் இது பெரிதாகத் தெரியாது என்பதால் பிரவுசரின் மொத்த நினைவகத்தையும் டாஸ்க் மேனேஜரில் பார்க்க வேண்டும்.

இவற்றைவிட நுட்பமான இரண்டு உண்டு. ஒன்று, மீட்டியோர் குழுவைச் சேர்ந்த டேவிட் கிளாசர் 2013இல் விளக்கிக் காட்டியது. ஒரே செயற்கூறுக்குள் பிறக்கும் குளோஷர்கள் எல்லாம் ஒரே சூழலைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று ஒரு பெரிய மாறியைப் பயன்படுத்தினாலே போதும். அதைத் தொடாத இன்னொரு குளோஷர் நீண்டநாள் வாழ்ந்தால் பெரிய மாறியும் அதோடு வாழும். நிரலைப் படித்தால் எந்தத் தொடர்பும் கண்ணுக்குத் தெரியாது, ஸ்னாப்ஷாட்டில்தான் தெரியும். இரண்டாவது, வி8இல் நீண்ட சரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு, தனி நகலாகாமல் மூலச் சரத்தையே சுட்டி நிற்கக்கூடும். பெரிய பதிலிலிருந்து ஒரு ரசீது எண்ணை மட்டும் எடுத்து வைத்ததாக நினைப்போம். பதில் முழுவதும் கூடவே இருக்கக்கூடும்.

சேவையகத்தில் நோட்.ஜேஎஸ் ஓட்டுபவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை, ஏனென்றால் அங்கே பக்கம் மூடுவது என்பதே இல்லை. ஈவன்ட்எமிட்டரில் ஒரே நிகழ்வுக்குப் பத்துக்கு மேல் லிசனர் சேர்ந்தால் நோட் எச்சரிக்கை தரும். அந்த வரம்பை உயர்த்தி எச்சரிக்கையை அடக்குவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு லிசனர் சேர்கிறது என்று அது சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கலாம். மெமரியூசேஜ் அழைப்பில் ஹீப்யூஸ்டு ஏறுகிறதா, எக்ஸ்டர்னல் ஏறுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவது என்றால் ஜாவாஸ்கிரிப்ட் பொருள்கள். இரண்டாவது என்றால் பஃபர்கள். வளர்ச்சிச் சூழலில் ஹாட் ரீலோட் ஒவ்வொரு முறையும் தரவுத்தள இணைப்பைப் புதிதாகத் திறந்துகொண்டே போவதும் உண்டு; இணைப்பை உலகப் பொருளில் ஒரு முறை வைத்து மீண்டும் பயன்படுத்துவதே அதற்கு மருந்து.

எடுக்கும்போதே விடுவது

கசிவைக் கண்டுபிடிக்கும் திறமையைவிடக் கசியாமல் எழுதும் பழக்கம் மேல். அந்தப் பழக்கம் ஒரே வாக்கியம்: எதையாவது பிடிக்கிற வரியை எழுதும்போதே, அதை விடுகிற வரியையும் எழுது, அதன்பின் நடுவில் உள்ளதை எழுது. ரியாக்டில் யூஸ்எஃபெக்ட் திருப்பித் தரும் துப்புரவுச் செயற்கூறு, வ்யூவில் ஆன்அன்மவுன்டட், ஆங்குலரில் என்ஜிஆன்டெஸ்ட்ராய் எல்லாம் அந்த வரிக்காக ஒதுக்கி வைத்த இடங்கள். ஒரு கம்போனன்டில் லிசனர் பல இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அபார்ட்கன்ட்ரோலரின் சிக்னலைக் கொடுங்கள். முடியும்போது ஒரு முறை அபார்ட் செய்தால் எல்லாமே கழன்றுவிடும். கழற்றும்போது அதே செயற்கூறைத் தராமல் புதிதாக ஒன்றை எழுதித் தந்து ஏமாறும் வாய்ப்பும் இதில் இல்லை.

2022இல் வந்த ரியாக்ட் 18, ஸ்ட்ரிக்ட் மோடில் வளர்ச்சியின்போது ஒவ்வொரு கம்போனன்டையும் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்க்கிறது. சந்தா இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லிச் சிலர் அந்த மோடையே அணைத்துவிடுகிறார்கள். துப்புரவு வரி எழுதப்படவில்லை என்பதை முதல் நாளிலேயே இலவசமாகக் காட்டுகிற காவலை அவர்கள் இழக்கிறார்கள்.

ஒரு பொருளைப் பற்றிய குறிப்பு மட்டும் வேண்டும், அதன் ஆயுளை நீட்டக் கூடாது என்கிற இடத்துக்கு 2015 முதல் வீக்மேப் இருக்கிறது. உறுப்பைச் சாவியாக வைத்தால், உறுப்பு போகும்போது குறிப்பும் போகும். 2021இல் வந்த வீக்ரெஃப் அதைவிடக் கூர்மையான கத்தி. ஜிசி எப்போது ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால், செயலியின் நடத்தை அதை நம்பி இருக்கக் கூடாது. உரிய இடத்தில் விடுவிக்கச் சோம்பிக்கொண்டு இந்தக் கருவிகளைக் கட்டுப் போடப் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை.

தேடலைத் தானியங்கியாக்கவும் வழி வந்துவிட்டது. ஜான் வில்க், எமரி பெர்கர் ஆகியோரின் பிலீக் என்னும் கருவி 2018இல் வந்தது. மெட்டா தன் மெம்லேபை 2022இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. சுற்றை ஒரு முறை எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் இவை ஓட்டிப் பார்த்துச் சங்கிலியைக் காட்டும். ஆனால் அந்தச் சங்கிலியைப் படித்து, எந்தக் கண்ணியில் அறுப்பது நியாயம் என்று முடிவு செய்வது மனித வேலை. கருவியை மட்டும் கற்றவர் கடைசிக் கண்ணியில் நல் என்ற வெற்று மதிப்பை எழுதி நிறுத்திவிடுவார். செயலியைப் புரிந்தவர், இந்தப் பொருளின் உரிமையாளர் யார், அதன் ஆயுள் எப்போது முடிய வேண்டும் என்று கேட்டு அந்த இடத்தில் அறுப்பார்.

யாருக்காக

நல்ல லேப்டாப்பில் 16 ஜிபி ரேமோடு உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கசிவு ஒரு கோட்பாடாகத் தோன்றலாம். 2017இல் வந்த ஜியோபோனில் 512 எம்பி ரேம்தான். அதில் ஓடிய கைஓஎஸ் செயலிகள் எல்லாம் வலைத்தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டவை. இன்றும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பிரவுசர் டேப் ஒன்று அளவுக்கு மீறினால் ஓஎஸ் எதுவும் சொல்லாமல் அதைக் கொன்றுவிடும். பாதி நிரப்பிய விண்ணப்பம் அதோடு போகும். மேலூர்ப் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு வரிசையில் நிற்பவரின் நேரமும், விடியுமுன் பறித்த பூவைச் சுமந்து வந்து கணக்கு முடியக் காத்திருப்பவரின் நேரமும் நம் நிரலில் இருக்கிறது. நினைவகத்தைத் தேவைக்கு மேல் பிடித்திருக்கும் செயலி, வசதி குறைந்த கருவி வைத்திருப்பவரிடம்தான் முதலில் தோற்கும்.

இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் ஐடி பூங்காக்கள் வந்தபின், சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமல் இங்கேயே எழுதும் இளைஞர்கள் கூடிவருகிறார்கள். சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள் ஃபிரேம்வொர்க்கை வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். மெமரி பலகத்தைத் திறந்து பார்த்தவர்கள் அவர்களில் அபூர்வம். ஆய்வகத்தில் ஆசிரியர்கள் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேண்டுமென்றே கசியும் ஒரு சிறிய செயலியைக் கொடுத்து, பிடியைக் கண்டுபிடித்துச் சங்கிலியை எழுதித் தரச் சொல்லுங்கள். மொழியும் ஃபிரேம்வொர்க்கும் மாறும். எட்ட முடிகிறதா என்ற 1960ஆம் ஆண்டு விதி மாறவில்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட் ரிவியூவில் ஒவ்வொரு லிசனருக்கும், டைமருக்கும், சந்தாவுக்கும், மேப்புக்கும் "இது எப்போது முடியும்?" என்று கேளுங்கள். பதில் நிரலில் இல்லையென்றால் ஒப்புதல் கொடுக்காதீர்கள். அடுத்த வெளியீட்டுக்கு முன், உங்கள் செயலியில் மிக அதிகமாகத் திறந்து மூடப்படும் ஜன்னல் எதுவோ அதை ஏழு முறை திறந்து மூடி இரண்டு ஸ்னாப்ஷாட்டையும் ஒப்பிடுங்கள். ஏழின் மடங்கில் ஏதாவது கூடியிருந்தால் வெளியீட்டை நிறுத்திவைத்துவிட்டு, அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று வேர்வரை போய்ப் பாருங்கள்.